அப்பத்தா பாட்டுக்குக் கார்டு கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. உன் செய்தி கிடைத்தது. "அப்பத்தா பாட்டுக்கு என்ன கார்டும்மா?" என்று ஒரே வரி. கிட்டாரில் பாட்டுக்கு அடியில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டைத்தான் கேட்கிறாய். இத்தனை நாள் கழித்து அந்த ஒரு வரிதான் வந்தது. போகட்டும். திடீரென்று அந்தத் தாலாட்டு எதற்கு என்று நான் கேட்கவில்லை. நீயும் மருமகளும் நன்றாக இருந்தால் போதும். போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். சித்தி உன்னைக் கேட்டாள்.

அந்தப் பாட்டில் கார்டே கிடையாது தம்பி. உன்னிடம் இருக்கும் பதிவில் அப்பத்தா குரல் மட்டும்தான் இருக்கிறது, சுருதிக்குத் தம்பூராகூட இல்லை. ஒற்றைக் குரலுக்கு அடியில் என்ன கார்டு வைப்பதென்று நீதான் முடிவு செய்ய வேண்டும். கார்டு கண்டுபிடித்துச் சொல்லும் செயலியில் போட்டுப் பார்த்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. அது குரலின் ஒவ்வொரு அசைவையும் தனிச் சுரமாக எடுத்துக்கொண்டு வரிக்கு ஏழெட்டுக் கார்டைக் காட்டும். அதை நம்பாதே. முதலில் மெட்டு. கார்டு கடைசியில்.

மெட்டையும் விரலால் தேட ஆரம்பிக்காதே. முதலில் வாயால் பாடு. வார்த்தை வேண்டாம், "ம்" என்று முனகினாலே போதும். பாட வராத மெட்டை விரல் கண்டுபிடிக்காது. பழகின தடத்திலேயே ஓடி வேறொரு பாட்டைக் கொண்டுவந்துவிடும், அதுவும் கேட்க நன்றாகவே இருக்கும், நீ ஏமாந்துபோவாய். பதிவோடு சேர்ந்து பாடு, பிறகு பதிவை நிறுத்திவிட்டுத் தனியாகப் பாடு. எங்கே தயங்குகிறாயோ அந்த இடம் உனக்கு இன்னும் சரியாகக் கேட்கவில்லை என்று அர்த்தம். அந்த இரண்டு மூன்று நொடியை மட்டும் வெட்டித் திரும்பத் திரும்ப ஓடவிடு. சுருதி மாறாமல் வேகத்தை முக்கால் பங்காகக் குறைக்கலாம், பாதிவரைகூடப் போகலாம். அதற்கும் கீழே போனால் குரல் நடுங்கிச் சிதைந்துவிடும், சுரம் பிடிபடாது.

அடுத்தது ஆதார சட்ஜமம், அதாவது பாட்டின் "ச". பாட்டு எந்தச் சுரத்தில் வந்து இளைப்பாறுகிறதோ அதுதான் பெரும்பாலும் சட்ஜமம். ஒவ்வொரு கண்ணியும் முடியும் "ஆரிரரோ"வின் கடைசி "ரோ"வைக் கேள். ஆனால் உடனே நம்பிவிடாதே, பஞ்சமத்தை, அதாவது "ப"வை, சட்ஜமமென்று எடுத்துக்கொள்வது எல்லாருக்கும் நடக்கிற தவறு. சோதிக்க வழி இருக்கிறது. நீ நினைக்கிற சுரத்தை ஒரு கம்பியில் விடாமல் மீட்டிக்கொண்டே பாட்டை முழுதாக ஓடவிடு. சரியான சட்ஜமமாக இருந்தால் வரி முடியும்போது இரண்டும் ஒன்றாக அடங்கும். தவறாக இருந்தால் பாட்டு முடிந்த பிறகும் இன்னும் ஏதோ பாக்கி இருக்கிற மாதிரியே தோன்றும்.

இங்கே ஒரு சிக்கல் வரும், இப்போதே சொல்லிவைக்கிறேன். அது பெரியப்பாவின் கேசட்டிலிருந்து எடுத்த பதிவு. கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். ஓட்டும் கருவியின் வேகம் ஆறு விழுக்காடு கூடினாலே சுருதி ஒரு ஃபிரெட் அளவு, அதாவது கிட்டார் கழுத்தில் ஒரு கட்டம், அரைச் சுரம், ஏறிவிடும். அதனால் பதிவில் உள்ள சுருதி அப்பத்தாவின் உண்மையான சுருதி என்று வைத்துக்கொள்ள முடியாது. இப்போது அது ஐந்தரைக் கட்டைக்குச் சற்றுக் கீழே நிற்கிறது, அதாவது மேலைச் சுரப் பெயரில் ஜி ஷார்ப்புக்குக் கொஞ்சம் குறைவாக. இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவில் விழுவதால் கிட்டாரில் எங்கே தொட்டாலும் ஒட்டாது. உன் காதில் குறையில்லை தம்பி. உன் காது நல்ல காது, சின்ன வயதிலிருந்தே.

அதற்கு இப்படிச் செய். சுருதி காட்டும் ட்யூனரை எடுத்து ஓரமாக வைத்துவிடு. ஐந்தாம் கம்பியை மட்டும் தளர்த்தி, கேசட்டில் இருக்கும் அந்த "ரோ"வோடு ஒட்டும்வரை கீழிருந்து மேலே ஏற்றிக்கொண்டு வா. மேலிருந்து இறக்கி நிறுத்தினால் கம்பி சிறிது நேரத்தில் நழுவிவிடும். ஒட்டியதும் மற்ற ஐந்து கம்பிகளையும் அதற்குச் சேர்த்துக்கொள். இனி நான் சொல்லும் ஏ, டி, ஈ எல்லாம் வழக்கமான சுரப் பெயர்கள்தான், கிட்டார் முழுவதும் ஒரு ஃபிரெட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக இறங்கியிருக்கும், அவ்வளவே. சட்ஜமம் ஐந்தாம் வெறுங்கம்பி (விரல் அழுத்தாத கம்பி), ஏ. இன்னொன்றும் உண்டு: துணைச் சுருதி இல்லாமல் பாடினால் பாட்டு நெடுகச் சுருதி மெல்ல இறங்கும். கடைசிக் கண்ணிக்குப் போகும்போது பதிவு உன் கம்பியைவிடத் தாழ்ந்திருக்கும். அதைத் துரத்திக்கொண்டு திரும்பத் திரும்ப முறுக்காதே. முதல் கண்ணியின் சுருதியே சுருதி.

இனி மெட்டு. முழுவதையும் மூன்றாம் கம்பியிலேயே வாசி. ஒற்றைக் கம்பியில் வீணை மாதிரி மேலும் கீழும் போனால் குரல் எவ்வளவு தூரம் நகர்கிறதென்று கைக்கே தெரியும், கம்பி மாறும்போது மறைந்துபோகும் அசைவுகளும் வெளியே வரும். இரண்டாம் ஃபிரெட் சட்ஜமம். நான்கு ரிஷபம், ஆறு அந்தர காந்தாரம், ஏழு மத்யமம், ஒன்பது பஞ்சமம், பதினொன்று தைவதம். கீழே முதல் ஃபிரெட் காகலி நிஷாதம் (உயர்ந்த "நி"), வெறுங்கம்பி கைசிகி நிஷாதம் (தாழ்ந்த "நி"). பாட்டு இவ்வளவுக்குள் அடங்கிவிடுகிறது, ஒரு ஸ்தாயியைத் தாண்டவில்லை.

சட்ஜமத்துக்கு அடுத்து காந்தாரத்தைத்தான் தேட வேண்டும். பாட்டின் முகமே அதில்தான் இருக்கிறது. சட்ஜமத்திலிருந்து மூன்று ஃபிரெட் தள்ளியிருந்தால் சாதாரண காந்தாரம், நான்கு தள்ளியிருந்தால் அந்தர காந்தாரம். முதல் வரியை முனகிக்கொண்டே போய், மேலே ஏறிய சுரத்தில் அப்படியே நிறுத்திப் பிடித்துக்கொள். பிடித்தபடி ஐந்தாம் ஃபிரெட்டைத் தொட்டுப் பார், பிறகு ஆறு. ஏறும்போது ஆறு சரியாக உட்காரும். இறங்கும்போது உட்காராது, அங்கே அப்பத்தா காந்தாரத்தை ஆறுக்குக் கொஞ்சம் கீழே வைத்து இழுத்துக்கொண்டே ரிஷபத்துக்கு வருகிறார். நிறையப் பேர் இந்த இடத்தில் பதிவு சரியில்லை என்று ஃபிரெட்டுக்கு ஏற்பத் திருத்திவிடுவார்கள். நீ திருத்தாதே. அந்த இறக்கம் போனால் பாட்டே போய்விடும். ஸ்டீல் கம்பியானால் ஐந்தாம் ஃபிரெட்டை அழுத்திக் கம்பியை மெல்ல மேலே தள்ளினால் அந்த இடைச்சுரம் வரும். நைலானில் தள்ளினால் அவ்வளவாக ஏறாது. ஆறில் மீட்டி, விரலை எடுக்காமல் நான்குக்கு வழுக்கிக்கொண்டு வா, மறுபடி மீட்டாதே. ஒரு மீட்டில் இரண்டு சுரமும் வர வேண்டும்.

தாலாட்டென்றால் நீலாம்பரி என்று யாராவது சொல்வார்கள். அந்த ராகத்தின் சாயல் இதில் இருக்கிறதுதான், ஆனால் ராகத்தின் இலக்கணத்தை வைத்துக்கொண்டு பாட்டைத் தேடக் கூடாது. ஆனந்தபைரவிச் சாயலில் வரும் தாலாட்டும் உண்டு. குரல் போன வழியை எழுதிக்கொள், பெயர் பிறகு வைக்கலாம்.

மூன்றாம் கண்ணியில் கவனமாக இரு. உனக்குத் தெரியும், அத்தை பெயர் வரும் கண்ணி. அங்கே கீழே இறங்கும்போது நிஷாதம் மாறுகிறது. மற்ற இடங்களில் முதல் ஃபிரெட், இங்கே வெறுங்கம்பி. நீலாம்பரியிலும் இரண்டு நிஷாதம் உண்டு, ஆகவே இது தவறிப்போய் வந்ததில்லை. வேகமாக ஓடவிட்டால் கேட்காது. பாதி வேகத்தில் கேள், கேட்டதும் பாடிப் பார். பாடும்போதுதான் தொண்டைக்கு வித்தியாசம் தெரியும்.

தாளத்தை மெட்ரோனோமில், அந்தத் தாளம் தட்டும் கருவியில், அடைக்கப் பார்க்காதே. ஆறு எண்ணிக்கை, ஒன்றிலும் நான்கிலும் அழுத்தம். ஆனால் இரண்டாம் வரி முடிவில் மூச்சுக்காக ஒரு எண்ணிக்கை கூடுகிறது. அந்த ஒன்றையும் சேர்த்தே வாசி.

இப்போது நீ கேட்ட கார்டுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால், கார்டே இல்லாமல் வாசிப்பதுதான் முதலில் நல்லது. கட்டைவிரலால் ஒன்றாம் எண்ணிக்கையில் ஐந்தாம் கம்பி, நான்காம் எண்ணிக்கையில் ஆறாம் கம்பி. ஏயும் ஈயும், சட்ஜமமும் பஞ்சமமும். இரண்டும் வெறுங்கம்பி என்பதால் இடக்கை முழுதும் மெட்டுக்குக் கிடைக்கும். நான்காம் கம்பியில் மட்டும் கட்டைவிரல் படக் கூடாது. அது டி, மத்யமம். அந்தர காந்தாரத்துக்கு ஒரே ஃபிரெட் தள்ளியிருப்பது, காந்தாரம் நிற்கும்போது அதுவும் ஒலித்தால் உறுத்தும்.

கார்டு வேண்டுமென்றால் ஏ, டி, ஈ மூன்று போதும். மெட்டு மத்யமத்திலும் தைவதத்திலும் சாயும் இடத்தில் டி, ரிஷபத்திலோ கீழ் நிஷாதத்திலோ நிற்கும் இடத்தில் ஈ, மற்றதெல்லாம் ஏ. வார்த்தைக்கு வார்த்தை மாற்றாதே. வரிக்கு ஒரு மாற்றம், மிஞ்சினால் இரண்டு. இந்தப் பாட்டில் இரண்டு இடம் மோதும். காந்தாரம் தாழ்ந்து இறங்கும் இடத்தில் முழு ஏ கார்டைப் பிடித்தால் இரண்டாம் கம்பியில் இருக்கும் சி ஷார்ப் குரலோடு சண்டை போடும். அந்த விரலை எடுத்துவிடு, ஐந்து, நான்கு, மூன்று கம்பிகளை மட்டும் மீட்டு. அதில் காந்தாரமே இல்லாததால் குரல் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். இன்னொன்று மூன்றாம் கண்ணி. நிஷாதம் அங்கே ஜி, ஈ மேஜரிலோ ஜி ஷார்ப் இருக்கிறது. மூன்றாம் கம்பி முதல் ஃபிரெட்டில் இருக்கும் விரலைத் தூக்கிவிட்டால் ஈ மைனராகிவிடும், சரியாகப் பொருந்தும்.

ராத்திரியில்தான் நேரம் கிடைக்கிறதா? அப்படியானால் மீட்டும் தகடு, அந்தப் பிக் வேண்டாம். விரல் சதையால், ஒலித்துளைக்குக் கொஞ்சம் மேலே, கழுத்துப் பக்கமாக மீட்டு. சத்தம் மெத்தென்று வரும், பக்கத்தில் தூங்குகிறவர் விழிக்க மாட்டார். நீயும் நேரத்தோடு தூங்கு. போன தடவை வீடியோவில் கண் உள்ளே போயிருந்தது. அவள் முகமும் அப்படித்தான் இருந்தது, நான் எதுவும் கேட்கவில்லை. கிட்டாரை ஹீட்டர் பக்கத்தில் வைக்காதே. காற்று காய்ந்தால் பலகை வெடிக்கும், ஈரப்பதம் ஐம்பது விழுக்காட்டை ஒட்டி இருக்க வேண்டும். கம்பி பழையதா? பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அழுத்தாமல் தொட்டு ஒலிக்கும் சுரமும் அழுத்தி ஒலிக்கும் சுரமும் ஒன்றாக இல்லையென்றால் முதலில் கம்பியை மாற்று. அதை விட்டுவிட்டுக் காதைக் குறை சொல்லாதே.

நீயாகக் கேட்டு எடுத்துக்கொள்ள நினைத்தாயே, அப்பாவிடம் சொன்னேன், அவருக்கும் பெருமைதான். கேட்க இவ்வளவு நாளாக்கினாயே என்றுதான் வருத்தம். இங்கே கேட்காமல் வேறு எங்கே கேட்பாய்?

முதல் கண்ணியை மட்டும் எடு. முழுப் பாட்டையும் ஒரேயடியாக எடுக்கப் பார்க்காதே. எடுத்ததும் பதிவுசெய்து அனுப்பு. கிட்டார் சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை, வாயால் பாடினதை மட்டுமாவது அனுப்பு தம்பி. பிசிறடித்தாலும் அனுப்பு. எந்தச் சுரம் எங்கே தப்புகிறதென்று நான் கேட்டுச் சொல்கிறேன்.

பதிவோடு வாசித்துப் பழகியபின் உன் குரலுக்கு மாற்றிக்கொள். கம்பிகளை வழக்கமான சுருதிக்கு ஏற்றிவிட்டு, உனக்கு ஒரு கட்டை வருமானால் கேப்போவை (கம்பிகளை எல்லாம் சேர்த்து அழுத்தும் கவ்வி) மூன்றாம் ஃபிரெட்டில் போடு, இரண்டு கட்டை வருமானால் ஐந்தில். ஃபிரெட் கம்பியை ஒட்டினாற்போலப் போட்டு, போட்ட பிறகு ஒருமுறை சுருதி பார். மெட்டு விரல்கள் அதே இடைவெளியில்தான், எண்ணிக்கையைக் கேப்போவிலிருந்து தொடங்கு. அவளும் பாடுவதாக இருந்தால் அவளுக்கு எத்தனை கட்டை வருமென்று கேட்டு எழுது. இருவருக்கும் பொதுவாக ஒரு சுருதி பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா