அரையாண்டு விடுமுறையும் நம் பள்ளித் தோட்டமும்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விடைத்தாள்களைப் பள்ளி திறந்ததும் கொடுத்துவிடுவோம். குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளிலும் கலைத் திருவிழாவிலும் நம் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள். வாசிப்பிலும் நல்ல முன்னேற்றம். எல்லோருக்கும் பாராட்டுகள்.

அப்புறம், தோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

பள்ளிக்குப் பின்னால் இருக்கும் மூன்று ஏக்கர் நான்கு வருடத்துக்கு முன்னால் எப்படிக் கிடந்தது என்பது உங்களுக்கே தெரியும். சீமைக் கருவேலத்தை வேரோடு எடுத்த பிறகு மிஞ்சியது வெறும் செம்மண் பொட்டல். மழை பெய்தால் தண்ணீர் மண்ணையும் இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவிடும். சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டுத் தண்ணீரை நிறுத்தினோம். வேலியோரம் ஆடு மாடு வாய் வைக்காத நொச்சியும் ஆடாதொடையும், உள்ளே வேம்பு, புங்கன், நாவல், அத்தி, இலுப்பை, நடுவில் கறிவேப்பிலை, எலுமிச்சை, வெட்சி, ஆவாரை என்று வைத்தோம். சித்திரை வெயிலில் கன்றுக்குப் பக்கத்தில் மண்பானையைப் புதைத்து, தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றியவர்கள் உங்கள் பிள்ளைகள்தான். எருக்கு மட்டும் தானாக முளைத்தது. அதைத் தெரிந்தேதான் விட்டுவைத்தோம்.

இரண்டு வாரத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை சில பெற்றோர்கள் புல் வெட்டும் மெஷினோடு வந்து, மேற்கு மூலையில் இருந்த எருக்கைத் தரையோடு வெட்டிவிட்டார்கள். இலையெல்லாம் ஓட்டையாக இருக்கிறதே என்று கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் பூச்சிமருந்து அடித்தார்கள். யார் என்று நான் எழுதப் போவதில்லை. தங்கள் வேலையை விட்டுவிட்டு, சொந்தக் காசில் பெட்ரோல் போட்டு வந்து செய்திருக்கிறார்கள். பள்ளி சுத்தமாக இருக்கட்டும் என்ற நல்ல மனசு அது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் திங்கட்கிழமை காலையில் நடந்ததையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த எருக்கை தினமும் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வந்தார்கள். வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி எருக்கு மாதிரிப் பால் வடியும் செடிகளின் இலையில்தான் முட்டையிடும். கறுப்பும் வெள்ளையும் வளையம் வளையமாக, நடுவே மஞ்சள் புள்ளி வைத்த புழு. கூட்டுப்புழுவோ இளம்பச்சை, அதன் மேல் பொன்னால் பொட்டு வைத்ததுபோல் இருக்கும். வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் ‘புழு 14, கூடு 3’ என்று இருந்தது. திங்கட்கிழமைப் பக்கத்தில் ‘செடி இல்லை’ என்று மட்டும் எழுதி, கோடு போட்டு வைத்திருந்தார்கள். அந்த நோட்டை என் மேஜையில் கொண்டுவந்து வைத்த பிள்ளைக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

கறிவேப்பிலையில் இருந்த ஓட்டையும் நோய் இல்லை. அது கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழு தின்ற தடம். செடி மறுபடி துளிர்த்துவிடும். அந்தப் புழுக்கள் இருப்பதால்தான் தையல்சிட்டு நம் தோட்டத்தில் இலையைத் தைத்துக் கூடு கட்டுகிறது. தானியம் கொத்தும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் புழுபூச்சியைத்தான் ஊட்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகவே சொல்லிவிடுகிறேன். நம் சத்துணவுக் கூடத்துக்குக் கறிவேப்பிலை பறிப்பது அந்தச் செடியில்தான். அன்று சமையலர் அம்மா வாடை வருகிறதே என்று பறிக்காமல் வந்து கேட்டதால் பிழைத்தோம். இனி யாராக இருந்தாலும், என்னிடமோ பள்ளி மேலாண்மைக் குழுவிடமோ கேட்காமல் தோட்டத்தில் வெட்டக் கூடாது, மருந்து அடிக்கக் கூடாது, சருகைக் கொளுத்தக் கூடாது. இதில் விதிவிலக்கு கிடையாது.

புதர் மண்டினால் பாம்பு வருமே என்று உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம். கட்டுவிரியனும் கண்ணாடிவிரியனும் நம் பக்கத்தில் உண்டு, இல்லையென்று மழுப்பமாட்டேன். எலிக்கும் இருட்டான பொந்துக்கும்தான் அவை வரும். சிந்திய சோற்றுக்கு எலி வரும். அதனால் மிச்சச் சோற்றை மூடி போட்ட தொட்டியில் போடுகிறோம். சுவரோரம் கிடந்த செங்கல் குவியலை அப்புறப்படுத்திவிட்டோம். வகுப்பறையிலிருந்து இருபது அடிக்குப் புல்லை ஒட்ட வெட்டுகிறோம், நடைபாதையைத் தினமும் கூட்டுகிறோம். ஆசிரியர் இல்லாமல், செருப்பில்லாமல் எந்தப் பிள்ளையும் உள்ளே போகாது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் அந்தச் செடியைப் பார்க்க மட்டும்தான் அனுமதி. பறவைகளுக்கு வைக்கும் தண்ணீரை, கொசு பெருகாமல் இருக்க, தினமும் கொட்டி மாற்றுகிறோம். இதில் எங்காவது குறை கண்டால் உடனே வந்து சொல்லுங்கள், அன்றே சரிசெய்கிறோம்.

சனிக்கிழமை வந்த பெற்றோர்களையும் சேர்த்தே சொல்கிறேன்: உங்கள் உழைப்பு இந்தத் தோட்டத்துக்கு வேண்டும். மெஷின் வைத்திருப்பவர்கள் ஜனவரியில் வகுப்பறைப் பக்கத்துப் புல்லை வெட்டித் தந்தால் பெரிய உதவி. வெட்டிய புல்லைக் கன்றுகளுக்கு மூடாக்காகப் போட்டுக்கொள்ளலாம். பள்ளி திறந்த முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாருங்கள். எதை வெட்டலாம், எதை விடவேண்டும் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே உங்களைக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள்.

போன கோடையில் ஆழ்குழாய் மோட்டார் பழுதானபோது தங்கள் கிணற்றிலிருந்து டிராக்டரில் தண்ணீர் அனுப்பியவர்களுக்கும், வேலிக்கு நொச்சிக் குச்சி வெட்டிக் கொடுத்தவர்களுக்கும், வாரந்தோறும் சாணம் கொண்டுவந்து போடும் தாத்தாவுக்கும் பள்ளியின் சார்பில் மனமார்ந்த நன்றி. வெட்டிய எருக்கின் கட்டையில் நேற்று இரண்டு துளிர் வந்திருக்கிறது. பிள்ளைகள் சுற்றிலும் கயிறு கட்டியிருக்கிறார்கள். தயவுசெய்து அதைத் தாண்ட வேண்டாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்