கப்பல் இங்கிருந்தும் போனது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு வாரமலரில் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிமாரின் பயணங்கள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். புயல், காய்ச்சல், பாம்பு, அரிக்கன் லாம்பு என்று விறுவிறுப்பாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் பத்தாயிரம் மைல் கடந்து வந்த அந்த மனுசர் இங்கே ஒருவரைக்கூடச் சந்தித்ததாகத் தெரியவில்லை. கட்டுரை முழுக்கக் கடலும் காடும்தான். மானிப்பாயில் காடு எந்தப் பக்கம் இருந்தது என்று கட்டுரையாளரிடம் ஒருக்கால் கேட்டுச் சொல்லுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். அமெரிக்காவிலிருந்து இங்கே வந்த முதல் மருத்துவ மிஷனரி சாமுவேல் கிறீன் அல்ல. ஜோன் ஸ்கடர் 1819ஆம் ஆண்டிலேயே இலங்கைக்கு வந்து, பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தவர். 1836இல் அவர் சென்னைக்குப் போய்விட்டார். கிறீன் வந்தது 1847இல். வந்ததும் நேரே மானிப்பாய்க்கு வரவுமில்லை. முதலில் வட்டுக்கோட்டையில் இருந்துவிட்டு அடுத்த வருடம்தான் இந்தப் பக்கம் வந்தார். சின்ன விஷயம்தான், ஆனால் நாளைக்கு எங்கள் பேரப்பிள்ளைகள் பத்திரிகையில் கிடந்தது என்று சோதனைத் தாளில் எழுதிவிடுவார்கள்.

எனக்கு உறுத்தியது வேறு. 'இங்கிலிஷ் வைத்தியத்தை யாழ்ப்பாணத்தாருக்கு இங்கிலிஷில் கற்பித்தார்' என்று ஒரு வரியில் கிறீனை முடித்துவிட்டார்கள். தொடக்கத்தில் அப்படித்தான் கற்பித்தார், சரி. 1857இல் ஊருக்குப் போய், 1862இல் மனைவியோடு திரும்பி வந்து, 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார் என்பதை ஏன் விட்டார்கள்? அந்த மனிதரின் கதையே அங்கேதான் இருக்கிறது. தமிழில் கற்பிக்கப் புத்தகம் வேண்டுமே! தானும் படிப்பித்த பிள்ளைகளுமாக இருந்து எழுதினார்கள். இரணவைத்தியம், அதாவது சத்திரசிகிச்சைப் புத்தகம், 1867இல் வந்தது. உடற்கூறு சொல்லும் மனுஷ அங்காதிபாதம் 1872இல், இரசாயனம் சொல்லும் கெமிஸ்தம் 1875இல். கெமிஸ்தம் என்ற சொல்லைப் பாருங்கள். தமிழில் சொல் இல்லையென்று இங்கிலிஷை அப்படியே விடவுமில்லை, வாயில் நுழையாத சமஸ்கிருதத்தைத் தேடிப் போகவுமில்லை. 'தம்' என்று ஒரு வாலை ஒட்டிக் காரியத்தை முடித்துவிட்டார்கள்.

நான் முப்பத்துநாலு வருடம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுத்தவன். இரணவைத்தியம் ஒரு பிரதி எங்கள் அப்பப்பாவின் றங்குப் பெட்டியில் கிடந்தது. அவருக்கு அது யார் கையிலிருந்து வந்தது என்று கேட்க எனக்கு அந்த வயதில் புத்தி இல்லை. மேல் அட்டை போய்விட்டது. பூச்சி அரிக்காமலிருக்க உள்ளே வேப்பிலை வைத்திருக்கிறார்கள். பூச்சி வேப்பிலையை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிவர அரித்திருக்கிறது. பக்க ஓரங்களில் பென்சிலால் துளிக் கணக்குகள், ஓரிடத்தில் நெல் விலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், காயத்துக்குக் கட்டுப் போடுவது எப்படி என்று இங்கிலிஷில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். இந்தப் புத்தகத்தில் அதையே வாசித்தபோதுதான், எந்தக் கை மேலே எந்தக் கை கீழே என்று விளங்கியது. இன்றைக்கும் கிளினிக் வாசலில் ஆச்சிமார் மருந்துத் துண்டை நீட்டி 'தம்பி, இதில் என்ன எழுதிக் கிடக்கு' என்று கேட்கிறார்கள். எனக்குச் சில நேரம் வெட்கமாக இருக்கும்.

மாணவர்கள் கோட்டும் காற்சட்டையும் போட்டுக்கொண்டு துரைமார் மாதிரித் திரிவதும் கிறீனுக்குப் பிடிக்காது. கிறிஸ்தவனானாலும் தமிழனாக இரு என்பது அவர் கொள்கை. 1873இல் உடம்பு சரியில்லாமல் அமெரிக்காவில் தன் ஊரான வூஸ்டருக்குத் திரும்பிய பிறகும் எழுத்து வேலையை விடவில்லை. உடற்றொழில் பற்றிய மனுஷ சுகரணம் வெளிவந்தது 1883இல், அவர் இறந்தது 1884இல். 'தமிழருக்கு மருத்துவ ஊழியர்' என்ற பொருளில் கல்லறையில் எழுதச் சொன்னாராம். பிறந்த ஊர்க் கல்லறையில் பிறத்தியார் பெயர்! அவருடைய தமையன் நியூயோர்க் நகரத்தையே வளர்த்தெடுத்த பெரிய மனிதர், அண்ட்ரூ கிறீன். கட்டுரையில் அவருக்கு அரைப் பத்தி கிடைத்திருக்கிறது, மானிப்பாய் மாணவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

அவர்கள் மதம் மாற்றத்தான் வந்தார்கள். அதை மறைக்கத் தேவையில்லை, நாங்களும் மறைக்கக் கேட்கவில்லை. எங்கள் வீட்டிலேயே பாதிப் பேர் திருநீறு, பாதிப் பேர் வேதக்காரர். அவர்களை எதிர்த்து நின்ற ஆறுமுக நாவலர்தான், வெஸ்லியன் மிஷன் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிளைத் தமிழாக்கினவர். அந்த வேலையாகச் சென்னைக்கும் அவரோடு போய் வந்தார். ஒரு பாதிரியாரும் ஒரு சைவரும் ஒரே மேசையில் ஒரு சொல்லுக்காக வாதாடியிருப்பார்களே, அதை விட்டுவிட்டுப் பாம்பை எழுதலாமா?

உடுவில் பெண்கள் பாடசாலையில் படிப்பித்த எலைசா அக்னியு அம்மையார் 1840இல் வந்தவர், 1883இல் மானிப்பாயில் கண்மூடும் வரை ஒரு தரம்கூட ஊருக்குப் போகவில்லை. எங்கள் பூட்டி அவரிடம் படித்தவ. அம்மம்மாவின் வாய்க்கு அவர் எப்போதும் 'மிசியம்மா'தான், ஏதோ அடுத்த வளவுக்காரி மாதிரி.

இன்னொன்று. கட்டுரையின்படி மிஷனரி என்றால் வெளியிலிருந்து வருகிறவர். இங்கிருந்தும் போயிருக்கிறார்கள். 1900இல் யாழ்ப்பாணத்து மாணவர்கள் தங்களுக்கென்று ஒரு மிஷனரிச் சங்கம் தொடங்கி, கடலுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக் கரையிலுள்ள தொண்டிக்கு ஆள் அனுப்பினார்கள். 1902இல் தமிழ்நாட்டுத் திருநெல்வேலிக்காரரான அசரியா இங்கே வந்து இதைக் கண்டார். யாழ்ப்பாணத்தார் எங்கள் கரைக்கே ஆள் அனுப்புகிறார்கள், நாங்கள் சும்மா இருக்கிறோமே என்று அவருக்கு மனம் குத்தியது. அடுத்த வருடமே திருநெல்வேலியில் இந்திய மிஷனரிச் சங்கம் தொடங்கியது. பிறகு தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு பிஷப் ஆனவர் அவர்தான்.

இதற்கெல்லாம் காசு அமெரிக்காவிலிருந்து மட்டும் வரவில்லை. அம்மம்மா உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து, அடுப்படி மூலையில் தொங்கும் பனையோலைப் பெட்டியில் போடுவா. பிடியரிசி. மாதக் கடைசியில் அது வேதக்கோயிலுக்குப் போகும், அங்கே ஏலம் போட்டுக் காசாக்குவார்கள். பஞ்சம் பிடித்த வருடங்களிலும் பிடி சிறுத்ததேயொழிய நிற்கவில்லை என்று அம்மா சொல்லுவா. நான் ஒருநாள் பசியில் அந்தப் பெட்டிக்குள் கைவிட்டு வாங்கின அடி இன்னும் நினைவிருக்கிறது.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் தொண்டிக்குப் போனவர்களைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். இரணவைத்தியத்தைப் படமெடுக்க விரும்பினால் கட்டுரையாளர் வீட்டுக்கு வரலாம். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வந்தால் நல்லது, ஒற்றைகள் உதிருகிறபடியால் நானே பிரட்டிக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவர்,
மானிப்பாய்.