வேலூரில் மார்கரெட் கசின்ஸுக்கு ஒரு கல்வெட்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலூர் மக்கான் பகுதி அருகே 1806 சிப்பாய் புரட்சிக்கு நினைவுத்தூண் இருக்கிறது, சரி. பெண்களின் ஓட்டுரிமைக்காகப் போராடிய மார்கரெட் கசின்ஸும் இந்த ஊர்ச் சிறையில் இருந்தவர்தான். அவருக்கு என்ன இருக்கிறது?

அயர்லாந்துக்காரர். ஓட்டு கேட்டு லண்டனிலேயே சிறை சென்றவர். 1917இல் சரோஜினி நாயுடு தலைமையில் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவைச் சென்னையில் சந்தித்த பெண்கள் குழுவுக்கு ஏற்பாடு செய்ததும் இவரே. 1921இல் சென்னை மாகாணம் பெண்களுக்கு ஓட்டு தந்தது, அதுவும் சொத்து, வரி என்று தகுதி பார்த்துத்தான். 1932இல் பிரிட்டிஷ் அரசின் அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசியதற்காக வேலூர் பெண்கள் சிறைக்கு வந்து சேர்ந்தார்.

சிலையெல்லாம் வேண்டாம், காக்கைக்குத்தான் வசதி. சிறை இருக்கும் தொரப்பாடியில், பஸ்ஸுக்கு நிற்பவர்கள் படிக்கிற உயரத்தில், தமிழில் ஒரு கல்வெட்டு போதும். மாநகராட்சி கவனிக்குமா?

— ஒரு வாசகி, காட்பாடி