சப்டைட்டிலுக்கு முன்பே சிரித்தவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யூதத் திரைப்பட விழாக்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் படித்து முடித்தவர்களுக்கு, அங்கே போனால் நாஜி வதைமுகாம்களைப் பார்த்து அழுதுவிட்டுத்தான் வர வேண்டும் என்று தோன்றியிருக்கும். சான் ஃபிரான்சிஸ்கோ விழாவுக்குச் சில ஆண்டுகளாகப் போய்வருகிறவன் நான். அப்படியெல்லாம் இல்லை.

1980இல் டெபோரா காஃப்மன் தொடங்கிய விழா அது. யூதப் படங்களுக்கென்றே நடக்கும் விழாக்களில் உலகத்திலேயே மூத்தது. சோவியத் ஒன்றியம் உடைவதற்கு முன்பே, 1990இல், மாஸ்கோவுக்குப் போய் நடத்திவிட்டு வந்திருக்கிறார்கள். பல ஆண்டுகள், 1922இல் கட்டிய காஸ்ட்ரோ திரையரங்கில்தான் படங்கள் ஓடின. படம் தொடங்குமுன் அங்கே ஆர்கன் வாசிப்பார்கள். அதைக் கேட்கவே நான் சீக்கிரம் போய்விடுவேன்.

ஒருமுறை, கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் பழைய நகைச்சுவைப் படம் ஒன்று போட்டார்கள். (கட்டுரையில் இத்திஷும் ஹீப்ருவும் ஒன்று என்பதுபோல் எழுதியிருந்தது. எழுத்துதான் ஹீப்ரு, பேச்சு ஜெர்மனுக்கு நெருக்கம்.) சப்டைட்டில் வருமுன்பே முன்வரிசைகளில் சிரிப்பு கிளம்பிவிட்டது. எல்லாம் நரைத்த தலைகள். பக்கத்து இருக்கைப் பாட்டி, "எங்கள் அம்மா வீட்டில் இப்படித்தான் திட்டுவாள்" என்றார். எழுத்தைப் படித்துவிட்டு நாங்கள் சிரிப்பதற்குள் அவர்கள் அடுத்த வசனத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். சிங்கப்பூரில் பிறந்த என் அக்கா மகனோடு வடிவேலு படம் பார்த்தது நினைவுக்கு வந்தது. அன்று முதலில் சிரித்தது நான்.

அழுகையே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1937இல் போலந்தில் எடுத்த 'திபுக்' படத்தில் ஒரு கல்யாண ஆட்டம் வரும். இரண்டே ஆண்டில் இரண்டாம் உலகப் போர் வரப்போவது ஆடுகிறவர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். முகாமைக் காட்டும் படங்களைவிட எனக்கு அந்தக் காட்சிதான் கனமாக இருந்தது.

அப்புறம், கட்டுரை இந்தியப் பக்கமே திரும்பவில்லை. குடும்பப் பெண்கள் சினிமாவில் நடிப்பதா என்று முகம் சுளித்த காலத்தில், பம்பாய்ப் படங்களில் துணிந்து நடித்தவர்களில் யூதப் பெண்கள் முக்கியமானவர்கள். டெலிபோன் ஆபரேட்டராக இருந்த ரூபி மையர்ஸ்தான் 'சுலோசனா' என்ற பெயரில் மௌனப்படக் காலத்தின் பெரிய நட்சத்திரம் ஆனார். பின்னாளில் தாதாசாகேப் பால்கே விருதும் பெற்றார். 1947இல் முதல் மிஸ் இந்தியாவான பிரமிளாவின் நிஜப் பெயர் எஸ்தர் விக்டோரியா ஆபிரகாம். 1952இல் வந்த 'ஆன்' படத்து நாதிராவும் பாக்தாத் யூதக் குடும்பத்துப் பெண்தான்.

அந்தப் பாட்டியிடம் சுலோசனாவைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. போனில் தேடிப் படத்தைக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார். இவர்களைப் பற்றி ஒரு நாலு பக்கம், படங்களோடு, போடுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஓக்லாந்து, கலிஃபோர்னியா