கதிருக்கு, சர்வர் விஷயமாக

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். வெள்ளைப் பக்கத்தில் 502 பேட் கேட்வே என்ற பிழை, அதன் கீழே உன் வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் பெயர். "எல்லாம் சரியாத்தான்மா செஞ்சேன், வரமாட்டேங்குது" என்று எழுதியிருந்தாய். இதைப் போனில் சொன்னால் பாதி காதில் விழாது, மீதி மறந்துபோகும். காலேஜில் இத்தனை வருஷம் சர்வர்களைப் பார்த்துக்கொண்டதில் கற்றதை எழுதியே அனுப்பிவிடுகிறேன். வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்.

கண்ணு, 502 வந்தால் பயப்படாதே. டொமைன் பெயர் சரியான ஐபிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, ஃபயர்வால் உள்ளே விட்டிருக்கிறது, என்ஜின்எக்ஸ் எழுந்து பதில் சொல்லியிருக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கிற உன் அப்ளிகேஷன்தான் வாய் திறக்கவில்லை. பாதி தூரம் நல்லபடியாகத் தாண்டியாகிவிட்டது. நீயோ அதை விட்டுவிட்டு டொமைன் பெயரை ஐபியோடு இணைக்கும் டிஎன்எஸ் செட்டிங்கில் கை வைத்திருக்கிறாய். அந்த மாற்றம் எல்லோருக்கும் தெரியவரச் சில மணி நேரம்கூட ஆகலாம். இனி பக்கம் வராவிட்டால் காரணம் பழையதா புதியதா என்று உன்னாலேயே சொல்ல முடியாது. அதை முதலில் பழையபடி மாற்றிவிடு.

எது எங்கே நிற்கிறது என்று தெரிகிறவரை எதையும் மாற்றாதே. நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்.

எங்கே நிற்கிறது என்று பார்ப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பிரவுசரிலிருந்து கிளம்பும் கோரிக்கை டிஎன்எஸ்ஸைக் கேட்டு, 443 போர்ட்டில் நுழைந்து, என்ஜின்எக்ஸ் கைக்குப் போய், அங்கிருந்து உன் அப்ளிகேஷனை ஓட்டும் கன்னிகார்னுக்கும், அது எழுதப்பட்டிருக்கும் ஜாங்கோவுக்கும் போய், கடைசியில் டேட்டாபேஸைத் தொடுகிறது. நீ சர்வருக்குள் லாகின் செய்து உள்ளேயிருந்து வெளியே வா. கன்னிகார்னை 8000 போர்ட்டில் ஓட்டுகிறாய் என்றால், அதே சர்வரில் 127.0.0.1:8000 (அந்த மெஷின் தன்னையே கூப்பிடும் முகவரி) என்று, பக்கத்தைக் கேட்டு வாங்கும் கர்ல் கமாண்டைப் போட்டுப் பார். ஏதாவது பதில் வந்தால் அப்ளிகேஷன் ஓடிக்கொண்டிருக்கிறது, சிக்கல் அதற்கும் என்ஜின்எக்ஸுக்கும் நடுவில். பதிலே இல்லை என்றால் என்ஜின்எக்ஸ் கன்பிக்கை, அதாவது அதன் செட்டிங் ஃபைலை, திறக்கவே வேண்டாம். இந்த ஒரு கமாண்டில் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

அப்புறம் லாக், அதாவது சர்வர் எழுதிவைக்கும் பதிவு. என்ஜின்எக்ஸின் எர்ரர் லாக்கில் கடைசிச் சில வரிகளைப் பார். பிரவுசரில் ஒரே 502 தான் தெரியும், லாக்கில் அதற்கு வெவ்வேறு காரணம் எழுதியிருக்கும். 111 என்ற எண்ணோடு 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று இருந்தால், அந்தப் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்க யாருமே இல்லை. கன்னிகார்ன் விழுந்துவிட்டது அல்லது வேறு போர்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. எண் 2, 'நோ சச் ஃபைல்' என்றால், போர்ட்டுக்குப் பதிலாக என்ஜின்எக்ஸும் கன்னிகார்னும் பேசிக்கொள்ளப் பயன்படும் சாக்கெட் ஃபைல் நீ சொன்ன இடத்தில் இல்லை. 13, 'பெர்மிஷன் டினைடு' என்றால் ஃபைல் இருக்கிறது, ஆனால் என்ஜின்எக்ஸால் அதைத் தொட முடியவில்லை.

உன்னுடையது இந்த 13 ஆகத்தான் இருக்கும் என்று எனக்குச் சந்தேகம். ஏன் என்று சொல்கிறேன். நீ ஏதோ பழைய டுடோரியலைப் பார்த்துச் செய்ததாகச் சொன்னாய். சர்வரில் இருப்பது உபுண்டு 22.04 என்ற லினக்ஸ். அந்தப் பழைய பாடங்களில் பலவும் சாக்கெட் ஃபைலை ஹோம் ஃபோல்டருக்குள், ப்ராஜெக்ட்டோடு சேர்த்தே வைக்கச் சொல்லும். முன்பெல்லாம் உபுண்டுவில் புதிதாக உருவாகும் ஹோம் ஃபோல்டருக்கு 755 பெர்மிஷன், யார் வேண்டுமானாலும் உள்ளே நுழையலாம். 21.04 வெர்ஷனிலிருந்து அதை 750 ஆக்கிவிட்டார்கள், உரிமையாளரும் அவர் குழுவும் தவிர மற்றவர்கள் நுழைய முடியாது. என்ஜின்எக்ஸ் ஓடுவது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற யூசரில். அதற்கு உன் ஹோம் ஃபோல்டரில் காலெடுத்து வைக்கவே அனுமதி இல்லை. சாக்கெட்டுக்கு நீ எத்தனை தாராளமாகப் பெர்மிஷன் கொடுத்தாலும் பயன் கிடையாது. வாசல் கேட் பூட்டியிருக்கும்போது உள் அறையைத் திறந்து வைத்து என்ன ஆகப்போகிறது?

இதைக் கண்ணால் பார்க்க ஒரு நல்ல கமாண்ட் இருக்கிறது. பெயர் நேமெய் (namei). அதோடு மைனஸ் எல் சேர்த்து, சாக்கெட் ஃபைலின் முழுப் பாதையைக் கொடு. ரூட்டில் தொடங்கி அந்த ஃபைல் வரைக்கும் ஒவ்வொரு ஃபோல்டரின் உரிமையாளரையும் பெர்மிஷனையும் வரிசையாக ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டும். மேலிருந்து கீழே விரலை வைத்துக்கொண்டு வா. எந்த வரியில் மற்றவர்களுக்கான கடைசி மூன்று இடமும் வெறும் கோடாக இருக்கிறதோ, அங்கேதான் வழி அடைபட்டிருக்கிறது. சரிசெய்ய, சாக்கெட்டை ஹோமிலிருந்து வெளியே எடுத்து ரன் (/run) ஃபோல்டருக்குக் கொண்டுபோ. சர்வரில் புரோகிராம்களை எழுப்பி ஓட்டும் சிஸ்டம்டியின் சர்வீஸ் ஃபைலில் ரன்டைம் டைரக்டரி என்று ஒரு வரி சேர்த்தால் அதுவே அங்கே ஒரு ஃபோல்டரை உருவாக்கிக் கொடுக்கும். என்ஜின்எக்ஸ் கன்பிக்கிலும் பாதையை மாற்றி, என்ஜின்எக்ஸ் மைனஸ் டி போட்டுச் சரிபார்த்த பிறகு ரீலோட் செய்.

இந்த இடத்தில் யாராவது உனக்கு பெர்மிஷனை மாற்றும் சிஎச்மாட் கமாண்டில் 777 போடச் சொல்வார்கள். போடாதே கதிர். கெஞ்சிக் கேட்கிறேன். எல்லோரும் எல்லாவற்றையும் எழுதலாம் என்று திறந்துவிட்டால் பக்கம் வந்துவிடும், வந்ததும் எல்லோரும் அதை அப்படியே மறந்துவிடுவார்கள். ஹோம் ஃபோல்டர் முழுக்கப் போட்டால் இன்னொரு சிக்கலும் வரும். லாகின் கீ வைத்திருக்கிற ஃபோல்டரை மற்றவர்கள் மாற்ற முடியும் என்று தெரிந்தால், தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் அந்தக் கீயை நம்பாது, உள்ளே விடாது. இப்போது திறந்திருக்கிற டெர்மினல் ஓடிக்கொண்டிருக்கும், அதை மூடினால் மறுபடி நுழைய முடியாது. ஃபயர்வாலும் இப்படித்தான். உபுண்டுவின் ஃபயர்வாலான யூஎஃப்டபிள்யூவை ஆன் செய்யும் முன் எஸ்எஸ்எச்சை அனுமதித்துவிடு. இரண்டில் எதைத் தொட்டாலும், இன்னொரு டெர்மினலில் லாகின் ஆகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பழையதை மூட வேண்டும்.

ஒருவேளை கன்னிகார்னே எழவில்லை என்றால், சர்வீஸின் நிலையைக் காட்டும் சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் பார். 203 எக்ஸெக் என்று இருந்தால் உன் கோட் இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை. சர்வீஸ் ஃபைலில் கொடுத்த வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (ப்ராஜெக்ட்டுக்கென்று தனியாக வைத்த பைத்தான் ஃபோல்டர்) பாதை தப்பாக இருக்கும், அல்லது விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்ட்டின் வரி முடிவுகள் அப்படியே வந்திருக்கும். 203 இல்லாமல் பைத்தான் டிரேஸ்பேக், அதாவது பிழைப் பட்டியல், வந்திருந்தால் அடியிலிருந்து படி, காரணம் கடைசி வரியில்தான் இருக்கும். கையால் ஓட்டினால் ஓடுகிறது, சர்வீஸாக ஓட்டினால் விழுகிறது என்றால் என்விரான்மென்ட் வேரியபிளை, அதாவது புரோகிராமுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்புகளை, பார். டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் பேஷ்ஆர்சி ஃபைலில் நீ எழுதி வைத்த டேட்டாபேஸ் பாஸ்வேர்டு சிஸ்டம்டிக்குத் தெரியாது. சர்வீஸ் ஃபைலில் என்விரான்மென்ட்ஃபைல் என்று தனியாகக் கொடுக்க வேண்டும்.

502 போய் 400 வந்தால் அது முன்னேற்றம். ஜாங்கோவில் சோதனைக்கான டீபக்கை ஆஃப் செய்ததும் அலவுடு ஹோஸ்ட்ஸ் என்ற அனுமதிப் பட்டியலில் உன் டொமைன் பெயர் இருந்தாக வேண்டும். பக்கம் வந்து அலங்காரம் எல்லாம் காணாமல் போயிருந்தால், ஸ்டைல் ஃபைல்களையும் படங்களையும் ஒரே இடத்தில் சேர்க்கும் கலெக்ட்ஸ்டாட்டிக் கமாண்டை ஓட்டு. இவை இரண்டும் அஞ்சு நிமிஷ வேலை.

சின்ன சர்வர்களில் இன்னொன்று நடக்கும். 1 ஜிபி மெமரி உள்ள மெஷினில் ஃப்ரண்ட் எண்டை (பிரவுசரில் ஓடும் பகுதியை) பில்ட் செய்தால், சில சமயம் 'கில்டு' என்ற ஒரே வார்த்தையோடு நின்றுவிடும். ஏன், என்ன என்று எதுவும் இருக்காது. கோடில் தப்பு தேடாதே. மெமரி தீர்ந்துபோய் லினக்ஸின் மையமான கர்னலே அந்த வேலையைக் கொன்றிருக்கும். கர்னல் பதிவைக் காட்டும் டீமெசேஜ் (dmesg) கமாண்டில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று பதிவாகியிருக்கும். புரோகிராமைத் தனிப் பெட்டிபோல் ஓட்டும் டாக்கரில் ஓட்டினால் 137 என்ற எண்ணோடு வெளியே வரும். பில்டை உன் லேப்டாப்பில் செய்து ரிசல்ட்டை மட்டும் மேலே ஏற்று.

எந்தக் காரணமும் புரியாமல் எல்லாம் ஒரே நேரத்தில் படுத்துவிட்டால் டிஸ்க் நிரம்பியிருக்கிறதா என்று பார். பெரிய லாக் ஃபைலை அழித்தும் இடம் திரும்பவில்லை என்றால், ஏதோ ஒரு ப்ராசஸ் அதை இன்னும் திறந்து வைத்திருக்கிறது. அதை ரீஸ்டார்ட் செய்தால்தான் இடம் விடுபடும்.

இதெல்லாம் தெரிந்தவர்களுக்கும் ராத்திரி நேரத்தில் கண் மறைக்கும். 2017 ஜனவரி 31 அன்று கோடைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேபில் நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். டேட்டாபேஸின் நகல் சர்வர் ஒன்று ஒத்துழைக்காமல் இருந்தது. ராத்திரி வெகுநேரம் அதோடு போராடிய இன்ஜினியர், நகலில் இருந்த டேட்டா ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி தொடங்க நினைத்து, மெயின் சர்வரில் அந்தக் கமாண்டை ஓட்டிவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. சரி, பேக்கப் இருக்குமே என்று போனால், அது யாருக்கும் தெரியாமலே தோற்றுக்கொண்டிருந்தது. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் எடுத்த கருவியோ 9.2, இரண்டும் ஒத்துப்போகவில்லை. தோல்வி என்று எச்சரித்த மெயில்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டிருந்தன. ஆறு மணி நேரத்துக்கு முன்னால் வேறு ஏதோ தேவைக்காகக் கையால் எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நகல்) ஒன்றுதான் காப்பாற்றியது. நடந்தது அத்தனையையும் அவர்கள் ஒளிக்காமல் வெளியே எழுதினார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். அதனால்தான் நமக்கு இத்தனை விவரம் தெரிகிறது.

அதைப் படித்ததிலிருந்து நான் ஒவ்வொரு சர்வரின் டெர்மினலுக்கும் வேறு வேறு நிறம் வைத்திருக்கிறேன். மெயின் சர்வர் சிவப்பு. நீயும் இன்றைக்கே செய். வாரத்துக்கு ஒருமுறை பேக்கப்பை எடுத்து வேறொரு இடத்தில் உண்மையிலேயே ரீஸ்டோர் செய்து பார். ராத்திரி பத்து மணிக்கு மேல் லைவ் சர்வரில் எதையும் அழிக்காதே. ஆபீஸில் அவசரம் என்று நெருக்கினால், பழைய வெர்ஷனைத் திரும்பப் போட்டுவிட்டுத் தூங்கப் போ. சாப்பிடாமல் கண் விழித்து நீ உட்கார்ந்திருப்பதை நினைத்தால்தான் எனக்கு 502ஐவிடக் கவலையாக இருக்கிறது.

நேமெய் போட்டுப் பார்த்துவிட்டு, அது காட்டுகிறதையும் எர்ரர் லாக்கின் கடைசி இருபது வரிகளையும் அனுப்பு. ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், எழுத்தாகக் காப்பி செய்து அனுப்பு. பாஸ்வேர்டு, சீக்ரெட் கீ எதுவும் இருந்தால் எடுத்துவிடு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன், கூப்பிடு, சேர்ந்து பார்க்கலாம். தீபாவளிக்கு டிக்கெட் எடுத்தாயா என்று அப்பா கேட்கச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா