முதல் பருவத்திலேயே வேண்டிய பழக்கங்கள்

ஐயா,

வடசென்னையில் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வரவிருக்கும் பிள்ளைகள் பலர், தேர்வுக்கு முந்தைய வாரம் படித்தால் போதும் என்றெண்ணிக் கல்லூரிக்குள் நுழைகிறார்கள். சென்னைப் பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் பொதுவாக 100 மதிப்பெண்ணில் 25, கல்லூரியே பருவம் முழுவதும் பார்த்து வழங்கும் அகமதிப்பீட்டுக்கு உரியது என்பதால், ஒழுங்காக வகுப்புக்கு வருவதும் ஒப்படைவுகளை உரிய நாளில் தருவதும் பருவத் தேர்வின் பயத்தைப் பெருமளவு குறைத்துவிடும்.

எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித்தரும் நான் கண்டவரை, வாட்ஸ்அப்பில் வரும் குறிப்புகளை மட்டும் நம்புகிறவர்களைவிட, அன்றைய பாடத்தை அன்றிரவே தம் சொந்தச் சொற்களில் அரைப்பக்கம் எழுதிப் பார்த்து, புரியாத வரிக்கு எதிரே பென்சிலால் குறியிட்டு, மறுநாள் ஆசிரியரிடம் கேட்பவர்களே நிலைத்து நிற்கிறார்கள். கேட்பதில்தான் பெருந்தயக்கம். ஆங்கிலவழிப் பாடம் புரியவில்லை என்று சொல்வதை அவமானமாகக் கருதும் தமிழ்வழி மாணவர்களை ஆசிரியர்களே முதலில் அழைத்துப் பேச வேண்டும். ஓர் அரியர் விழுந்ததற்காக, அதாவது ஒரு தாளில் தேறாமல் போனதற்காகப் படிப்பையே கைவிடுவது மிகுந்த வேதனை தருகிறது.

ஒண்டுக்குடித்தன வீடுகளில் அமைதியாக உட்கார்ந்து படிக்க இடமில்லை. கொளத்தூரில் 2024-இல் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம் போன்ற படிப்பிடங்கள் வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, எண்ணூர் பகுதிகளில் மேலும் பல அமையவும், அவை இரவிலும் திறந்திருக்கவும் அரசு ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், வியாசர்பாடி