'உங்களுக்கென்றே செய்தது' என்னும் சொல்லும் ஒப்புதலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நோயாளியின் உடலுக்கு அளவெடுத்து முப்பரிமாண அச்சில் உருவாக்கி உடலுக்குள் பொருத்தப்படும் உள்வைப்புகள் குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரை தொழில்நுட்பத்தைத் தெளிவாக விளக்கியிருந்தது. நெறிமுறையைப் பொறுத்தவரை மட்டும், 'நோயாளியின் ஒப்புதல் பெறப்படுகிறது' என்ற ஒற்றை வரியோடு அது நின்றுவிட்டது. அந்த ஒப்புதலைப் பற்றியே எழுதுகிறேன்.

ஒரு மாத்திரையை நாம் விழுங்குவதற்கு முன் அதைப் பலர் விழுங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டறிந்து முடிவெடுக்கலாம். ஒருவருடைய சி.டி. ஸ்கேனிலிருந்து வடிவத்தை எடுத்து, அவருடைய செல்களையே வளர்த்து உருவாக்கும் உறுப்புக்கு அப்படி முன்னவர் எவரும் இல்லை. பொருளும் அச்சு முறையும் ஏற்கெனவே சோதிக்கப்பட்டிருக்கலாம். ஆனால் இந்த வடிவமும் இந்தச் செல்களும் சேர்ந்து எப்படி நடந்துகொள்ளும் என்பது முதன்முதலில் தெரியவருவது அவருடைய உடலில்தான். 'உங்களுக்கென்றே செய்தது' என்ற சொல் நோயாளியின் காதில் உறுதிமொழியாக விழுகிறது. உண்மையில் அது ஓர் எச்சரிக்கை.

ஆய்வில் பங்கேற்பவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்கிறது, 1964-இல் உலக மருத்துவச் சங்கம் ஏற்ற ஹெல்சிங்கி பிரகடனத்தின் வழிவந்த நெறி. மாத்திரையை நிறுத்திவிடலாம், உலோகத் தகட்டைக்கூடப் பல வேளைகளில் மீண்டும் திறந்து எடுத்துவிடலாம். செல்களைத் தாங்க உள்ளே வைத்த சட்டகம் கரைந்து, அதிலிருந்த செல்கள் சுற்றியுள்ள திசுவோடு ஒன்றிய பிறகு, நோயாளி எதிலிருந்து விலகுவது?

அறுவை மருத்துவர் பாவ்லோ மக்கியாரினி விவகாரத்தை இங்கே மறக்க முடியாது. 2011-இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் அவர் பொருத்திய செயற்கை மூச்சுக்குழாய் அச்சிடப்பட்டது அல்லதான். ஆனாலும் நோயாளிக்கு அளவெடுத்துச் செய்து, அவருடைய ஸ்டெம் செல்களைப் படியவைத்தது என்று உலகமே வியந்தது. அங்கே அத்தகைய சிகிச்சை பெற்ற மூவரும் பின்னர் இறந்துபோனார்கள். அறுவை இல்லாமலேயே அவர்கள் கணிசமான காலம் வாழ்ந்திருக்கக்கூடும் என்று கண்ட ஸ்வீடனின் மேல்முறையீட்டு நீதிமன்றம், 2023-இல் அவருக்கு இரண்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. தீர்ப்பு வர 12 ஆண்டுகள் ஆயின என்பதை நினைக்கும்போது மனம் பதைக்கிறது.

அதற்காக இத்துறையையே தடுக்கச் சொல்லவில்லை. மூச்சுக்கிளைக்குழாய் சரிந்து மூச்சுத்திணறிய ஒரு பச்சிளங்குழந்தைக்கு, 2012-இல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் உடலிலேயே மெல்லக் கரையும் பாலிகேப்ரோலாக்டோன் என்னும் நெகிழிப் பொருளில் ஒரு தாங்கியை அச்சிட்டுப் பொருத்தினார்கள். வேறு வழி இல்லாத நிலை, அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பின் அவசர அனுமதி, அடுத்த ஆண்டே வெளியான மருத்துவ அறிக்கை என எல்லாம் வெளிப்படையாக இருந்ததால், அந்தத் துணிச்சலை மனமார மதிக்க முடிகிறது.

நோயாளி விலக முடியாத இடத்தில், பொருத்தியவர்களும் விலகக்கூடாது என்பதே என் கருத்து. அவரை ஆயுள் முழுவதும் கண்காணிக்கும் பொறுப்பை யார் ஏற்கிறார், அதற்கான செலவை யார் தருகிறார் என்பது ஒப்புதல் படிவத்திலேயே பெயரோடு இருக்க வேண்டும். தோல்விகளும் பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தன்மை வாய்ந்தது என்ற காரணம் காட்டி அவற்றைத் தனித்தனியே புதைத்துவிட இடம் தரக்கூடாது. செகண்ட் சைட் நிறுவனம் தன் செயற்கை விழித்திரைக் கருவியைக் கைவிட்டபோது, அதைப் பொருத்திக்கொண்டிருந்தவர்கள் பழுதுபார்க்க ஆளில்லாமல் தவித்தார்கள். அச்சிட்ட உறுப்பிலும் இதே நிலை வரலாம். எனவே அதன் வடிவக் கோப்பும், பொருள், செல் பற்றிய முழு விவரமும் நிறுவனத்தின் கணினியில் மட்டும் இராமல், முதல் நாளே நோயாளியின் கையில் ஒரு படியாகத் தரப்பட வேண்டும். இத்துறையினரை அடுத்த முறை தங்கள் செய்தியாளர் சந்திக்கும்போது, அந்தப் படியைத் தருகிறார்களா என்று கேட்டு எழுதுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்